கொய்யாவின் நார்ச்சத்தும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும் வீணாகாமல் சாப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொய்யாவைத் தோல் சீவி, நடுவில் இருக்கும் விதைப் பகுதியைத் தோண்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, சர்க்கரை போட்டு, மாலை வரைக்கும் வைத்திருந்து குடிக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். "நார்ச்சத்துக்காகத்தான் தினமும் கொய்யா எடுக்கிறேன்" என்பார். நார்ச்சத்து எல்லாம் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

இதில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் குணம் வேறு. நார்ச்சத்து ஓடிப்போகாது, நாம் தூக்கிப் போட்டால்தான் போகும். கொய்யாவின் முக்கிய ஆன்டிஆக்ஸிடன்ட்டான வைட்டமின் சி அப்படியில்லை. வெட்டிவிட்டால் காற்றிலும் சூட்டிலும் மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்தும் போகும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் வைத்துத்தான். வரிசை மாறினால் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகும்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சமையலறைத் தராசு, கூரான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி, சுத்தமான பலகை, ஒரு காகிதப் பை. அவ்வளவுதான்.

தராசு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். "ஒரு கொய்யா" என்பது ஓர் அளவே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பழம் 60 கிராம் இருக்கும். பெரிய ரகம் ஒன்று 300 கிராமையும் தாண்டும். சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 60 கிராம் பழத்தைச் சாப்பிட்டு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். முதல் ஒரு வாரம் மட்டும் எடை போடுங்கள். அப்புறம் கண்ணே சொல்லிவிடும்.

கத்தி ஏன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், சாதாரண இரும்புக் கத்தி பட்ட இடத்தில் கொய்யாவின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து கருத்துப்போகும். செம்பு இன்னும் மோசம். வைட்டமின் சி கெடுவதை அது வேகப்படுத்தும். வெட்டிய துண்டுகளைச் செம்புப் பாத்திரத்தில் போட்டு வைக்காதீர்கள்.

## 2. எண்களைப் பார்த்து உங்கள் அளவை முடிவு செய்யுங்கள்

கழுவுவதற்கும் வெட்டுவதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் ஆரம்பித்தால் மூன்று பழத்தை வெட்டி, ஒன்றைச் சாப்பிட்டு, இரண்டைக் காயவிட வேண்டியதாகிவிடும்.

பழுத்த கொய்யா 100 கிராமில் சுமாராக 5.4 கிராம் நார்ச்சத்து, 228 மில்லிகிராம் வைட்டமின் சி, 9 கிராம் சர்க்கரை, 417 மில்லிகிராம் பொட்டாசியம், 68 கலோரி இருக்கும். ரகம், விளைந்த மண், பழுத்த பதம் இவற்றைப் பொறுத்து வைட்டமின் சி அளவு கூடும், குறையும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: அதே எடை ஆரஞ்சில் வைட்டமின் சி 53 மில்லிகிராம்தான்.

இப்போது தேவையைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 90 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். அதாவது 40 கிராம் கொய்யா. நாலைந்து துண்டு! நார்ச்சத்தோ, நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150 கிராம் கொய்யா சாப்பிட்டால் 8 கிராம் கிடைக்கும், தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே எவ்வளவு சாப்பிடுவது என்பதை நார்ச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள், வைட்டமின் சியை வைத்து அல்ல. வைட்டமின் சி எப்படியும் மிஞ்சிவிடும். அளவு கூடக் கூட, குடல் அதை உறிஞ்சும் விகிதம் குறைந்துகொண்டே வரும். உடம்பு நிறைந்த பிறகு மிச்சம் சிறுநீரில் போய்விடும். ஒரே உட்காருதலில் அரைக் கிலோ கொய்யா தின்பதால் ஆன்டிஆக்ஸிடன்ட் பலன் ஐந்து மடங்கு ஆகாது. வயிறுதான் ஐந்து மடங்கு உப்பும்.

இன்னொன்று. "இந்தப் பழத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் இவ்வளவு" என்று ஓராக் எண்களைக் காட்டி நடக்கும் விளம்பரங்களை நம்பிப் பழம் வாங்காதீர்கள். அது சோதனைக் குழாயில் எடுத்த அளவு. உடம்புக்குள் போன பிறகு அதே வேலை நடக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அந்த எண்களைத் தொகுத்து வெளியிட்டுவந்த அமெரிக்க வேளாண் துறையே, தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012-ல் அந்தப் பட்டியலை விலக்கிக்கொண்டது.

## 3. எது வேண்டும் என்று தெரிந்து பழத்தை எடுங்கள்

வெள்ளைச் சதையா, சிவப்புச் சதையா? நார்ச்சத்துக்கும் வைட்டமின் சிக்கும் என்றால் எதுவானாலும் சரி. லைகோபீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டும் என்றால் சிவப்புதான். தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுப்பதும் இதே லைகோபீன்தான். சிவப்புக் கொய்யா 100 கிராமில் 5 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், பச்சைத் தக்காளியில் இருப்பதைப்போல (சமைக்காத, பழுத்த தக்காளியைச் சொல்கிறேன்) சுமார் இரண்டு மடங்கு. வெள்ளைக் கொய்யாவில் அது அநேகமாக இல்லை. வெளித்தோலைப் பார்த்து உள்நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டு வாங்குவதே வழி.

அடுத்தது பதம். கல் மாதிரி இருக்கும் காயில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். துவர்ப்பு என்றால் டானின். அதுவும் பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சிலருக்கு மலத்தையும் கட்டும். மறுபக்கம், குழைந்துபோன பழத்தில் வைட்டமின் சி இறங்க ஆரம்பித்திருக்கும். நடுவில் இருக்கும் செங்காய்ப் பதமும் அதற்கு அடுத்த ஓரிரு நாளும்தான் நல்ல காலம். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், குழி விழக் கூடாது. மூக்கருகே கொண்டுபோனால் வாசனை தெரிய வேண்டும்.

தோலில் குண்டூசி குத்தியது மாதிரி சின்னப் புள்ளி, அதைச் சுற்றி மெத்தென்று ஓர் இடம் இருந்தால் எடுக்காதீர்கள். அது பழ ஈ முட்டையிட்ட இடம். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே புழு நெளியும்.

## 4. பழுக்கும் வரை வெளியே, பழுத்த பிறகு ஃபிரிட்ஜில்

புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வாங்கியதும் அத்தனையையும் ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவார்கள். பல நாள் கழித்து எடுத்தால் காய் காயாகவே இருக்கும், வெட்டினால் உள்ளே பழுப்பு ஏறியிருக்கும். பழுக்காத கொய்யாவைக் குளிர் அதிக நாள் தாக்கினால் அது பழுக்கும் திறனையே இழந்துவிடும். அப்புறம் வெளியே எடுத்து வைத்தும் பயனில்லை.

கொய்யா பறித்த பின்னும் பழுக்கும் ரகம். எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிட்டுப் பழுக்கிறது. சீக்கிரம் வேண்டும் என்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மடித்து வைத்தால் ஓரிரு நாளில் வாசனை கிளம்பும். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் தங்கி அழுகும்.

வாசனை வந்துவிட்டால் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் வெளியே வைத்தால் ஒரே நாளில் குழைந்துவிடும். உள்ளே மூன்று நான்கு நாள் தாங்கும். மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பால் வரைக்கும் கொய்யா வாசம் அடிக்கும்.

## 5. முழுதாக இருக்கும்போதே கழுவுங்கள்

தோலோடு சாப்பிடப்போவதால் இந்தப் படியைச் சோம்பேறித்தனமாகச் செய்ய முடியாது. ஓடும் தண்ணீரில் காட்டி, கையால் நன்றாகத் தேய்த்து, துணியால் துடையுங்கள். காம்பு இருந்த இடத்திலும், எதிர்முனையில் காய்ந்த பூவிதழ் ஒட்டியிருக்கும் குழியிலும்தான் மண் தங்கும். அங்கே ஒரு மெல்லிய பிரஷ் போட்டால் நல்லது. சோப்பு, டிட்டர்ஜென்ட் எதுவும் வேண்டாம். தோல் அதை இழுத்துக்கொள்ளும்.

வெட்டிவிட்டுக் கழுவுவது தவறு. தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும். வைட்டமின் சி தண்ணீரில் கரைவது என்பதால் வெட்டிய முகத்திலிருந்து அதுவும் தண்ணீரோடு போகும். நறுக்கிய துண்டுகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதும் இதே கதைதான்.

## 6. சாப்பிடப்போகும்போது மட்டும் வெட்டுங்கள்

காம்பு நுனியையும் பூ நுனியையும் மெல்லியதாகச் சீவிவிட்டுக் குறுக்கே ஒரு வெட்டு போடுங்கள். அந்த வட்டத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அடுத்த படியில் எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது இதிலேயே தெரியும்.

ஓரத்தில் கோடு மாதிரி மெல்லிய தோல். அதை ஒட்டி ஒரு விரல் தடிமனுக்குக் கெட்டியான சதை. நகத்தால் சுரண்டினால் மணல் மாதிரி நறநறக்கும். அது கல் அணுக்கள், மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் ஏறித் தடித்த செல்கள், நார்ச்சத்தின் ஒரு பகுதி. நடுவில் கூழான சதைக்குள் விதைகள். வைட்டமின் சி தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். பாலிஃபீனால்களும் தோலில்தான் செறிவாக இருக்கும்.

முழுப் பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதைவிட முதலில் இரண்டாக வெட்டிப் பார்ப்பது நல்லது என்பதற்கு இன்னொரு காரணம், புழு. அனுபவத்தில் கற்றது.

துண்டுகள் பெரிதாகவே இருக்கட்டும். சின்னச் சின்னதாக நறுக்கினால் காற்று படும் பரப்பு கூடும், செல்கள் அதிகம் உடையும், நொதிகள் வேலையைத் தொடங்கும், சதை பழுப்பாகும். அதற்காக அரை மணி நேரத்துக்குப் பதற வேண்டாம். வெட்டிய நொடியில் எல்லாம் ஆவியாகிவிடாது. காலையில் பொடிப்பொடியாக நறுக்கி, திறந்த டப்பாவில், வெயில் படும் மேசையில் மாலை வரை வைப்பதுதான் பிரச்சினை. கையோடு எடுத்துப் போக வேண்டும் என்றால் முழுப் பழத்தையே எடுத்துப் போங்கள். முடியாதென்றால் பாதியாக வெட்டி, காற்றுப் புகாத டப்பாவில் குளிராக வையுங்கள். மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவினால் பழுப்பாவது தள்ளிப்போகும்.

## 7. தோலைச் சீவாதீர்கள், விதையை என்ன செய்வதென்று முடிவெடுங்கள்

தோல் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கன்றிப்போன இடத்தை மட்டும் சீவி எறியுங்கள், மற்றது வாய்க்கு.

விதைக்கு வருவோம். கொய்யா விதை பல்லுக்கு அடங்காது. கடிக்க முயன்று நிரப்பிய பல்லை உடைத்துக்கொண்டவர் என் வீட்டிலேயே உண்டு. சதையை மென்று, விதையை அப்படியே விழுங்கிவிடலாம். அது செரிக்காமல் வந்தபடியே வெளியே போகும். அதனுள் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குக் கிடைக்காது. ஆகவே "விதையில்தான் சத்து முழுக்க இருக்கிறது" என்று பல்லைப் பணயம் வைக்கத் தேவையில்லை. "குடல்வாலில் சிக்கிக்கொள்ளும்" என்று பயப்படவும் வேண்டாம், அப்படி நடப்பது மிக அரிது.

பிடிக்கவில்லை என்றால் விதையை நீக்குங்கள், ஆனால் விதையோடு இருக்கும் கூழையும் சேர்த்துத் தோண்டி எறியாதீர்கள். பழத்தில் கணிசமான பகுதி அங்கே இருக்கிறது. அந்தக் கூழை மட்டும் கரண்டியால் எடுத்து, கண் பெரிதான வடிகட்டியில் அழுத்தித் தேய்த்தால் விதை மேலே நிற்கும், கூழ் கீழே இறங்கும். அதைத் துண்டுகள் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

## 8. எதோடு சாப்பிடுவது

"வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்", "சாப்பாட்டுக்கு அப்புறம் பழமே கூடாது" என்றெல்லாம் சொல்வார்கள். நார்ச்சத்துக்கு நேரம் காலம் இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் சேர்க்கை முக்கியம்.

ஒன்று, இரும்புச்சத்து. பருப்பு, கீரை, தானியம் இவற்றில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஏறாது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் நன்றாக ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்க வேண்டும்; இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. ரத்தசோகைக்காகக் கொய்யா சாப்பிடுபவர் சாப்பாட்டோடு சேர்த்து, நன்றாகப் பழுத்ததையே சாப்பிடுவது நல்லது. காய் என்றால் டானின் எதிர்வேலை செய்யும். கூடவே டீயோ காபியோ குடித்தாலும் அதே கெடுதல்தான்.

இரண்டு, லைகோபீன். இது கொழுப்பில் கரைவது. சிவப்புக் கொய்யாவைத் தனியாகச் சாப்பிடுவதைவிட, கொஞ்சம் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ இருக்கும் உணவோடு சாப்பிட்டால் கூடுதலாக உறிஞ்சப்படும். சூடாக்கினாலும் லைகோபீன் எளிதில் வெளிவரும், ஆனால் வைட்டமின் சி அடிபடும். கொய்யாவை வேகவைப்பது எனக்கு நஷ்டக் கணக்காகவே படுகிறது.

## 9. அளவை மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்

முதல் நாளே மூன்று பெரிய கொய்யா சாப்பிட்டுவிட்டு, ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு "எனக்குக் கொய்யா ஒத்துக்கொள்ளாது" என்று முடிவுகட்டியவர்கள் எத்தனையோ பேர். ஒத்துக்கொள்ளாதது பழம் இல்லை, அவசரம்.

குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தில் ஒரு பகுதியைப் புளிக்கவைக்கின்றன. அதில் வாயு வரும். பழக்கமில்லாத வயிற்றில் திடீரென்று கொட்டினால் உப்புசம், வலி. முதல் மூன்று நான்கு நாள் 50 கிராம். தொந்தரவு இல்லை என்றால் 100. அடுத்த வாரம் 150. அதற்கு மேல் போவதைவிட, மிச்ச நார்ச்சத்தைக் காய்கறி, பயறு, முழுத்தானியத்திலிருந்து எடுப்பது நல்லது. கொய்யாவில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார், கொஞ்சம்தான் பெக்டின் போன்ற கரையும் நார். பல இடத்திலிருந்து வந்தால்தான் இரண்டும் போதிய அளவு கிடைக்கும்.

கரையாத நார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்தைப் பருமனாக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பருமன் மட்டும் இருக்கும், நகராது. "மலச்சிக்கலுக்குச் சாப்பிட்டேன், இன்னும் கட்டிக்கொண்டது" என்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பேன்: தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள், சாப்பிட்டது காயா பழமா?

## 10. ஜூஸ்தான் வேண்டும் என்றால்

ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஒரு கொய்யாவை அடித்து, மெல்லிய கண் வடிகட்டியில் ஊற்றி, அதில் தங்கியதைத் தராசில் போடுங்கள். அந்த ஈரச் சக்கைதான் நீங்கள் தேடிவந்த நார். கீழே இறங்கியது இனிப்புத் தண்ணீரும் வைட்டமின் சியும்.

மெல்ல முடியாதவர்களுக்கு, பல் இல்லாதவர்களுக்கு, வேறு வழி இல்லை. அப்போது தோலோடு துண்டு போட்டு, தண்ணீரோ தயிரோ சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டுத் தட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விதை உடைந்து நறநறக்கும், காற்றும் அதிகம் கலக்கும். கண் பெரிய வடிகட்டியில் விதையை மட்டும் நிறுத்தி, கூழைக் கரண்டியால் தேய்த்து இறக்கி, உடனே குடித்துவிடுங்கள். சர்க்கரை வேண்டவே வேண்டாம். இனிப்பு பத்தவில்லை என்றால் பழம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

## 11. மிஞ்சியதை உறையவையுங்கள்

பழங்கள் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டால் துண்டு போட்டு, தட்டில் பரப்பி ஃபிரீசரில் உறையவைத்து, பிறகு டப்பாவுக்கு மாற்றுங்கள். நார்ச்சத்துக்கு ஒன்றும் ஆகாது, வைட்டமின் சியும் பெரும்பாலும் தங்கும். உருகினால் தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால் கூழடிக்க மட்டும்தான் உதவும். ஜாம் என்பது கொய்யா வாசனையுள்ள சர்க்கரை. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## 12. இவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் முதலில். கொய்யாவில் அது கணிசமாக இருக்கிறது. குடலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், குடல் குறுகலாக இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் அடுத்து. விதையும் கல் அணுக்களும் அங்கே தேங்கி அடைக்க வாய்ப்புண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாம், ஆனால் முழுப் பழமாக, எடை போட்டு, அதன் மாவுச்சத்தையும் அந்த வேளைக் கணக்கில் சேர்த்து. ஜூஸாக வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குக் கெட்டியான துண்டு தொண்டையில் சிக்கும். நன்றாகப் பழுத்ததை விதை நீக்கி, நசுக்கிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.